வேப்பிலைப் பட்டாடை

மரக்காணம்,
ஜூன் 2005

அன்பு மருமகளே,

உப்பளச் சக்கரவர்த்தியான உன் மாமன் எழுதுவது. பாம்பைக் கண்டால் பாண்டிச்சேரிவரை நிற்காமல் ஓடுகிற மாவீரன் நான், உனக்கே தெரியும்.

உன் நர்ஸ் படிப்புக்கு இருளர் என்று சாதிச் சான்றிதழ் கேட்டபோது, அதிகாரி என் வெள்ளைச் சட்டையைப் பார்த்துச் சிரித்தார்.

“சினிமாவுல இருளன் இலை கட்டிக்கினு ஆடுவானே! எங்க, ஆடு பாப்போம்.”

ஆடினேன். சட்டையைக் கழற்றிவிட்டு, வாசல் வேப்பமரத்தை ஒடித்து இடுப்பில் கட்டி, நாக்கை நீட்டி, மூவுலகும் அதிரக் கத்தினேன். ஆபீசே கைதட்டியது. கையெழுத்தும் விழுந்தது.

கதவோரம் நின்ற நீதான், “இந்தப் படிப்பே வேணாம் மாமா” என்று சொல்லிவிட்டுச் சென்னை பஸ் ஏறிவிட்டாய்.

சான்றிதழை இத்துடன் வைத்திருக்கிறேன். கிழித்துவிடாதே, கண்ணு. கிழித்தால், சத்தியமாக மறுபடி போய் ஆடுவேன்.

இப்படிக்கு,
சட்டையை மாட்டிக்கொண்ட
உன் மாமன்