வடக்குச் சரிவில் அடித்த ஆணிகள்

ஜனக்புரி,
18 ஜூன் 2003

அன்பு மகள் இளவரசிக்கு அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் இங்கே நலமாகவே இருக்கிறோம், வெயில்தான் ஆளை உரிக்கிறது. ஜூன் மாதத்திலும் ஸ்வெட்டர் போடுகிற ஊரில் நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று போனில் உன் குரலிலேயே தெரிந்தது, அந்த மட்டும் நிம்மதி. நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன், நிதானமாகப் படி. போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், நான் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சிவில் லைன்ஸ் சாவித்திரி மாமி வீட்டுக் கூரையிலிருந்து ஒரு சிலேட்டுக் கல் சரிந்து விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. மாமி தன் வீட்டு வடக்கு அறையில் ஞாயிறுதோறும் பதினான்கு குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாரே, அந்தக் குழந்தைகள் செருப்பைக் கழற்றி வெளியே கூரை விளிம்புக்கு அடியில்தான் வரிசையாக விடும். கல் அந்த வரிசையில் விழுந்தது. ஒரு சின்னச் செருப்பு, உன் உள்ளங்கை அளவுகூட இருக்காது, குறுக்கே இரண்டாகப் போயிருந்தது. வகுப்பு முடிய இன்னும் பத்து நிமிஷம் இருந்ததாம்.

நீ வாங்கப்போகிற வீட்டுக்குச் சிலேட்டுக் கூரை, நூறு வருஷப் பழசு, எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேட்டாய். கேட்ட நாளிலிருந்து பதில் எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். இப்போது சொல்கிறேன். முதலில் வீட்டுக்குள் போகாதே, தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார். முகட்டுக் கோடு நூல் பிடித்த மாதிரி இருக்க வேண்டும். நடுவில் தொய்ந்திருந்தால் அடியில் உள்ள மரம் இளைத்துவிட்டது என்று அர்த்தம். கல் வரிசையில் ஏதாவது ஒன்று கீழே இறங்கி, அது இருந்த இடம் மட்டும் வெளிறிய கட்டமாகத் தெரிகிறதா பார். ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை. அங்கங்கே ஈயப் பட்டையை வளைத்துக் கல்லைத் தாங்கவிட்டிருந்தால் எண்ணு, பத்துக்கு மேல் போனால் அந்தக் கூரையே கொக்கியில்தான் தொங்குகிறது. புகைபோக்கியைச் சுற்றி ஈயத் தகடு இருக்க வேண்டும், சிமெண்டைப் பூசி வைத்திருந்தால் அதில் வெடிப்பு இருக்கும், தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும். தாரைப் பூசியிருந்தால் விற்கிறவன் எதையோ மறைக்கிறான், விற்கிறவர்களுக்கு நானே பூசிக்கொடுத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். ஏணி போட ஒத்துக்கொண்டால் விரல் மூட்டால் கல்லைத் தட்டு. நல்ல கல் பாத்திரம் மாதிரி கணீரென்று பேசும், உள்ளே பிளந்த கல் அட்டைப்பெட்டியைத் தட்டின மாதிரி ஊமையாக இருக்கும். ஓரம் அடுக்கடுக்காக உரிந்து பொடிப் பொடியாக வந்தால் அந்தக் கல்லின் காலம் முடிந்தது. பிறகு பரணில் ஏறி விளக்கை அணைத்துவிட்டு நில். இங்கே என்றால் ஓட்டை இருக்கும் இடமெல்லாம் வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரியும். உங்கள் ஊரில் கல்லுக்கு அடியில் பலகை அடித்திருப்பார்களாம், அப்படியானால் வெளிச்சம் வராது, பலகையில் ஈரக் கறை தேடு. இதெல்லாம் வீடு பார்க்க வருகிற எந்த இன்ஸ்பெக்டரும் பார்ப்பான். யாரும் பார்க்க முடியாதது ஆணி. ஒவ்வொரு கல்லின் ஆணித் தலையையும் மேல்வரிசைக் கல் மூடிவிடும். அடித்தவனுக்கும் அடிக்கச் சொன்னவனுக்கும்தான் அது என்ன ஆணி என்று தெரியும்.

மாமி வீட்டுக் கூரையில் அடிக்கச் சொன்னவன் நான். 1992இல் அவர் வீட்டுக்காரர் சேஷன் சார் அந்தப் பழைய பங்களாவின் பின்பகுதியை வாங்கி, கூரையைப் பிரித்துப் புதிதாகப் போடும் வேலையை என்னிடம் கொடுத்தார். சாவ்டி பஜார் இரும்புக்கடையில் ஆணி நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்த எனக்குக் கிடைத்த முதல் பெரிய காண்ட்ராக்ட். செம்பு ஆணி என்று பேச்சு, செம்புக்குத்தான் பணமும் வாங்கினேன். தெற்குச் சரிவு முழுக்கச் செம்பு. வடக்குச் சரிவில் ஏணி வைத்தால் கை எட்டுகிற கீழ் இரண்டு வரிசை செம்பு, அதற்கு மேலே எல்லாம் இரும்பு. நம் ஜனக்புரி வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டிய மாதம் அது. மலை ஊரான காங்டாவிலிருந்து வந்த கூரை மிஸ்திரி தனிராம் ஆணிப் பையைத் திறந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். பாபுஜி, இது இரும்பு, என்றான். தெரியும், அடி, என்றேன். உங்கள் மர்ஜி, உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டு ஏறிப்போனான். சேஷன் சார் தினமும் நாற்காலி போட்டுக் கீழே உட்கார்ந்திருந்தார், ஒரு நாள்கூட மேலே ஏறிப் பார்க்கவில்லை. ஆடிட்டில் முப்பது வருஷம் இருந்த மனுஷன், ஊரெல்லாம் சந்தேகப்பட்டவர், என்னை மட்டும் நம்பினார். வேலை முடிந்ததும் என் நேர்மையைப் பாராட்டி ஒரு கடிதம் எழுதிக்கொடுத்தார். அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் அடுத்த ஐந்து வேலையும் பிடித்தேன்.

சார் 98இல் போய்விட்டார். அடுத்த வருஷம் பொங்கலுக்குப் பார்க்கப் போனபோது மாமி காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார், அவர் வர ஆரம்பிச்சிருக்கார், ராஜவேல். காத்தடிக்கிற நாளா பார்த்து மேலே தட்டறார். வேலைக்காரி பயந்துண்டு ஓடிட்டா, நேக்கு என்ன பயம், நாப்பது வருஷம் இருந்த மனுஷர்தானே. எனக்கு அது என்ன சத்தம் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது, தாயி. வேப்பமரம் கவிந்த சரிவு, ஈரம் காயாது, ஆணி துருப்பிடித்து மெலிந்து, கல் ஆடத் தொடங்கியிருக்கிறது. அச்சா மாமி என்றேன், காப்பியைக் குடித்தேன், வந்துவிட்டேன். நாலு வருஷம் அப்படியே ஓட்டினேன். புழுதிக்காற்றான ஆந்தி அடித்து வானம் செம்மண் நிறமாக இருட்டும்போதெல்லாம் கடையில் ஷட்டரை இழுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்துகொள்வேன். தகரம் படபடத்தாலும் எனக்கு அந்தக் கூரைதான் கேட்கும். அப்பாவுக்குக் காற்று ஆகாது என்று நீங்கள் எல்லோரும் சிரிப்பீர்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் மாமி கூப்பிட்டுப் போனேன். பரணில் ஏறி டார்ச்சை அணைத்தேன். வடக்குப் பக்கம் முழுக்க வெளிச்சப் புள்ளிகள். கையை ஊன்றிய இடத்தில் செம்பொடி ஒட்டிக்கொண்டது, குங்குமம் மாதிரி. அதற்குள் வெளியே காற்று கிளம்பிவிட்டது. முதலில் ஓர் ஓரத்தில் டொக், டொக். பிறகு வரிசை வரிசையாக மேலே ஏறி முகடு வரை போய்த் திரும்பி வந்தது, ஓர் ஆள் யோசித்துக்கொண்டே நடக்கிற மாதிரி. காரணம் தெரிந்த எனக்கே மயிர்க்கூச்செடுத்தது. அப்போது கீழேயிருந்து மாமியின் குரல், என்னிடம் அல்ல. சித்த இருங்கோ, ராஜவேல் வந்திருக்கார், பார்த்துண்டிருக்கார், என்றார். காற்று அந்த நேரம் பார்த்து அடங்கியது. எதேச்சைதான். ஆனால் நான் அந்த இருட்டில் எவ்வளவு நேரம் குந்தியிருந்தேன் என்று எனக்கே தெரியாது.

இறங்கி வந்து சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. செம்புக்குப் பணம் வாங்கி இரும்பை அடித்தேன், துரு தின்றுவிட்டது, நீங்கள் கேட்கிற சத்தம் ஆடுகிற கல்லின் சத்தம், இன்னும் நிறைய விழும், என்றேன். மாமி என் கையில் இருந்த செம்பொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போ இத்தனை நாளா தட்டினது நீங்கதானா, என்றார். நாலு வருஷமா உங்க ஆணியோடயா பேசிண்டிருந்தேன், அவர் பென்ஷன் பாஸ்புக்கைக்கூட அதுக்குப் படிச்சுக் காட்டினேனே, என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்பதற்குப் பதில் அவர் என்னை அடித்திருக்கலாம். பிறகு, குழந்தை தலையில விழுந்திருந்தா அப்பவும் அச்சா மாமின்னு சொல்லியிருப்பேளா, என்றார். கல் விழுந்த அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுதான் உண்மை, அதையும் சொன்னேன்.

அம்மாவுக்கு நேற்று ராத்திரிச் சாப்பாட்டின்போது எல்லாவற்றையும் சொன்னேன். இந்த வீட்டின் முன்பணம் எதிலிருந்து வந்தது என்று அவளுக்கு நேற்றைக்குத்தான் தெரியும். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் இன்னும் சரியாகப் பேசவில்லை, நீ போன் செய்தால் அவளிடம் கொஞ்சம் அதிக நேரம் பேசு. உன் வீட்டு விஷயத்தில் அவசரப்படாதே. விற்கிறவர் இனிமையாகப் பேசுகிறார் என்று எழுதியிருந்தாய், நானும் இனிமையாகப் பேசுகிறவன்தான். கையெழுத்துப் போடுமுன் உங்கள் ஆளைவிட்டு ஒரு கல்லையாவது கழற்றி ஆணியைக் கண்ணால் பார்க்கச் சொல், மறந்துவிடாதே. நீங்கள் இருவரும் அந்தக் கூரையின் கீழ் நோய் நொடியில்லாமல், நிம்மதியாகத் தூங்கி எழுந்து, பிள்ளை குட்டியோடு நீண்ட காலம் வாழ வேண்டும். எனக்கு ஏதாவது ஆகி மாமி வீட்டுக் கூரை வேலை பாதியில் நின்றால் நீதான் முடித்துக் கொடுக்க வேண்டும், அதனால் என்ன பேசி முடித்தோம் என்பதை எழுதிவைக்கிறேன். மாமியே பேப்பரை எடுத்துவந்து, அவர் அன்னிக்கே எழுதி வாங்கிண்டிருக்கணும், ஏமாந்துட்டார் பாவம், என்று சொல்லி என்னை எழுத வைத்தார். வடக்குச் சரிவு மழை பிடிப்பதற்குள் முழுக்கப் பிரிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு கல்லும் மாமி காதுபடத் தட்டிப் பார்க்கப்பட வேண்டும். வேலை முடியும்வரை ஞாயிறு வகுப்பு நம் வீட்டு ஹாலில். மொத்தச் செலவும் என்னுடையது என்றேன், ஒத்துக்கொள்ளவில்லை. தர்மமா செஞ்சு கழுவிண்டு போயிடலாம்னு பார்க்கறேளா, அது நடக்காது, ஆணி உங்களோடது, கூலி என்னோடது, என்றார். அப்படியே முடிந்தது. கடைசியாக ஒன்று சேர்த்தார், அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்: சேஷன் சார் படுத்திருந்த அறைக்கு நேர்மேலே உள்ள நாலு வரிசையை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் பிரிக்க வேண்டும், பிரிக்கிற நாளை அதற்கு முந்தின நாளே மாமியிடம் சொல்லிவிட வேண்டும்.

உன் அப்பா,
ராஜவேல்