பலகைக்கு அடியில் சுரண்டல்

ஹில்டா அப்பாவுக்கு,

ரசமும் கருவாட்டுத் தொக்கும் மூடி வைத்திருக்கிறேன். நாவல் மரத்திலிருந்து மழைத் தண்ணீர் சொட்டிச் சொட்டிக் கொல்லைப் பலகை மேடையில் படிந்திருந்த கருப்புப் பூசணத்தை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிட்டேன். நீங்கள் ஊற்றச் சொன்ன கரையான் மருந்தை மட்டும் ஊற்றவில்லை. நான் தேய்க்கும்போதெல்லாம் அடியிலிருந்து யாரோ திருப்பிச் சுரண்டினார்கள். "பெருச்சாளிக்குப் போய் பயப்படுறியே"ன்னு நேற்று மாதிரி கத்தாதீர்கள். ஹில்டா பலகையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அப்பா உள்ள கீறாரு, கூப்புட்றாரு" என்கிறாள். நீங்கள் ஷிப்டில்தானே இருக்கிறீர்கள்? அவளைத் தூக்கிக்கொண்டு நெமிலிச்சேரி அம்மா வீட்டுக்குப் போகிறேன்.

ஞானகுமாரி

பி.கு: கொல்லைக் கதவைத் திறக்காதீர்கள். சாப்பிட்டதும் நேராக அங்கே வந்துவிடுங்கள். சண்டையெல்லாம் நேற்றோடு போகட்டும், உங்களைக் கண்ணால் பார்த்தால் போதும்.