முப்பத்தொரு கிணற்று மாதிரிகளில் அமிலம் சேர்த்தது குறித்து

அனுப்புநர்
ஜோயல் மிஷோ,
பகுப்பாய்வு உதவியாளர்,
டாலிவர் நீர்ப் பரிசோதனைக் கூடம்,
ஹார்லோ கார்னர், மெய்ன் மாநிலம்.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
மாநிலக் குடிநீர்ப் பாதுகாப்புப் பிரிவு,
அகஸ்டா.

பொருள்: ஆர்சனிக் வகைப் பரிசோதனையில் நேர்ந்த தவறு – அதைக் குடும்பங்களுக்குத் தெரிவிக்காமல் மறைப்பது – உடனடித் தலையீடு வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. இம்மனுவில் உள்ள முதல் குற்றவாளி நான். அதை முதலிலேயே எழுதிவிட்டால்தான் மற்றதை எழுதக் கை வரும்.

2. எங்கள் கூடத்தில் ஆர்சனிக்கை இரண்டு முறைகளில் அளக்கிறோம். முதல் முறையில் நிறை நிறமாலைமானி என்னும் கருவி நீரிலுள்ள மொத்த ஆர்சனிக்கை எண்ணிச் சொல்லும். அது எந்த வகை என்று சொல்லாது. இரண்டாம் முறையில், நீர் அக்கருவிக்குள் போகுமுன் ஒரு பிரிகுழலில் ஓடி, ஆர்சனிக்கின் இரு வடிவங்களான மூன்றாம் வகையும் ஐந்தாம் வகையும் தனித்தனியே வெளிவரும். இங்கு வீடுகளில் பொருத்தும் வடிகட்டி ஐந்தாம் வகையை மட்டுமே பிடிக்கும். மூன்றாம் வகை நேரே குழாய்க்கு வந்துவிடும்.

3. உலோகச் சோதனைக்கு நீர் எடுத்தால், கிணற்றடியிலேயே புட்டியில் நைட்ரிக் அமிலம் விடுவோம். மொத்த அளவுக்கு அது சரி. வகைப் பரிசோதனைக்கு அது கூடாது. கறுப்புப் புட்டியில் குளிரில் வைக்க வேண்டும். கடந்த மார்ச்சில், பிறர் எடுத்து வந்து எண் மட்டும் இட்டுக் கூடத்தில் கொடுத்த முப்பத்தொரு வீடுகளின் மாதிரிகளில் பழக்கதோஷத்தில் அமிலம் விட்டேன். ஒளி புகும் அந்த வெள்ளைப் புட்டிகள் மூன்று வாரம் சன்னலோர அலமாரியில் இருந்தன. அமிலமும் வெளிச்சமும் கிணற்று இரும்பும் சேர்ந்து மூன்றாம் வகையை ஐந்தாம் வகையாக மாற்றிவிட்டன. எல்லா வீடுகளுக்கும் ‘வடிகட்டி போதும்’ என்று அறிக்கை போனது.

4. அந்த வீடுகளில் ஒன்று என் பக்கத்து வீடு. டெஸ் ஊலெட் அங்கு வசிக்கிறார்; தமக்கு வந்த அறிக்கையை அவரே என்னிடம் காட்டியிருந்தார். அவர் மகளுக்கு ஐந்து மாதம். செய்த தவறு செப்டம்பர் இறுதியில்தான் எனக்கு உறைத்தது. இம்மாதம் 2ஆம் தேதி அவர் சமையலறைக் குழாயில் வேறொரு காரணம் சொல்லி நீர் பிடித்து வந்தேன். அனுமதிக்கப்பட்ட அளவு லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராம். வடிகட்டியைத் தாண்டி வந்த நீரில் முப்பத்தொன்று. மறுநாள் கிணற்று நீரை அமிலமின்றி எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். மூன்றில் இரண்டு பங்கு மூன்றாம் வகை. அந்தக் குழந்தைக்குப் பிறந்த நாளிலிருந்து பால்மாவை அந்த நீரில்தான் கரைத்துக் கொடுக்கிறார்கள்.

5. மேலாளர் நார்மன் வார்ட்வெல்லிடம் அன்றே சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “ஒரு வீட்டுத் தண்ணிய வச்சிக்கிட்டு ஊரையே கிளப்பப் பாக்குறியா? அமிலம் ஊத்துனது உன் கைதானே? லைசென்ஸ் போச்சுன்னா முதல்ல வெளிய நிக்கிறது நீதான் தம்பி.” வரும் வெள்ளிக்கிழமை பழைய புட்டிகளையும் மாதிரிப் பதிவேட்டையும் அப்புறப்படுத்த உத்தரவிட்டுள்ளார். வாடிக்கையாளரிடம் எதுவும் பேசக் கூடாதென்று வேலையில் சேரும்போதே கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். பெரிய ஊர்களின் குழாய் நீருக்குச் சட்டம் இருக்கிறது. சொந்தக் கிணற்றை நம்பியிருப்பவர்களுக்கு எங்கள் ஒற்றைத் தாள்தான் சட்டம். அந்தத் தாள் பொய்.

6. ஞாயிறன்று டெஸ் ஒரு கோப்பைத் தண்ணீர் நீட்டினார். நான் வாங்கவில்லை. “என்ன ஜோயல், லேப்காரனே எங்க வீட்டுத் தண்ணிய குடிக்க மாட்டேங்குற? விஷமா வச்சிருக்கேன்?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதன்பின் எனக்கு உறக்கம் இல்லை. சுவரின் மறுபக்கம் குழந்தை அழுதால் பயம். அழாவிட்டால் இன்னும் பயம்.

7. ஆகவே, வெள்ளிக்கு முன் புட்டிகளையும் பதிவேட்டையும் தங்கள் பிரிவு கைப்பற்ற வேண்டும். முப்பத்தொரு கிணறுகளிலும் அமிலமின்றி மறுபடி மாதிரி எடுத்து, வேறொரு கூடத்தில் வகை பிரித்துப் பார்க்க வேண்டும். முடிவு வரும்வரை அவ்வீடுகளுக்குப் புட்டி நீர் தர வேண்டும். கொதிக்க வைத்தால் சரியாகும் என்று யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கொதித்தால் நஞ்சு குறையாது, நீர்தான் குறையும். என்மீது எடுக்கும் நடவடிக்கையைப் பிறகு எடுக்கலாம். நான் ஊரைவிட்டு ஓட மாட்டேன்.

இதை அஞ்சலில் சேர்த்ததும் டெஸ் வீட்டுக் கதவைத் தட்டப் போகிறேன். மற்ற முப்பது புட்டிகளில் எண்கள் மட்டுமே உள்ளன. முகவரிகள் மேலாளரின் பதிவேட்டில் உள்ளன. அந்தக் கதவுகளைத் தங்களால் மட்டுமே தட்ட முடியும்.

இடம்: ஹார்லோ கார்னர்
நாள்: 11.10.2022

அச்சத்துடன்,
(ஒப்பம்)
ஜோயல் மிஷோ