சங்கிலிக் கம்பு பிடித்தவன்

எட்மண்டன், லண்டன்
ஞாயிறு, பூசை முடிந்து

அன்பு மகன் கொட்வினுக்கு,

நீயும் மருமகள் பெனிற்றாவும் கல்கரிக் குளிரில் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்க வேண்டுமென்று மடுமாதாவை மன்றாடிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நாங்கள் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் படிகளைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. மிளகாய்த்தூள் அனுப்பியிருக்கிறாள், வந்ததும் போத்தலில் போட்டு இறுக்கி மூடி வை.

இனி நீ காத்திருக்கும் விஷயம். எங்கள் பொடியள் தொடங்கிய அமெரிக்கன் ஃபுட்போல் கிளப்பின் சிறந்த ஆட்டக்காரரைக் கௌரவிக்கும் ஹோல் ஒஃப் ஃபேமுக்கு இந்த வருடம் பந்து எறியும் குவார்ட்டர்பேக் ஒருவனைத்தான் எடுப்பார்கள், நீயா உனக்கு முன் விளையாடிய ராஜீவா என்று போன வியாழக்கிழமைக் கூட்டத்தில் இரண்டு மணித்தியாலம் இழுபறி. ராஜீவ் ஏழு வருடம் பந்து எறிந்தவன், முன்னுக்கு நின்று மறிக்க ஒழுங்கான ஆட்கள் இல்லாமல் அடிவாங்கி அடிவாங்கி எழும்பியவன், அவன் எறிந்த தூரத்தைக் கொட்வினும் எட்டவில்லை என்று செயலாளர் துஷ்யா கணக்குத் தாளை நீட்டிக் காட்டினாள். தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை மேசையில் தட்டி, அதெல்லாம் சரி பிள்ளை, கப் எடுக்காதவனை எப்பிடி உள்ளுக்க விடுறது, கொட்வின் எடுத்துத் தந்தவனெல்லோ என்றார். ஓம் ஓம் என்று பலரும் தலையாட்டினார்கள், முடிவு மட்டும் இன்னும் மூன்று கிழமை கழித்து ஒரு வியாழனுக்குத் தள்ளிப் போயிற்று. பத்து வருடம் மைதானத்தில் அளவுச் சங்கிலி பிடித்தவன் என்று எனக்கும் ஒரு வாக்குத் தந்திருக்கிறார்கள். நீயும் போனில், அப்பா நீங்கள் கையைத் தூக்கினால் காணும் என்றாய்.

மகன், அந்த இறுதிப் போட்டியைப் பற்றி உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. கடைசி நிமிடங்கள், உங்களுக்கு நாலாவது முயற்சி, அதற்குள் மொத்தம் பத்து யார் தூரம் முன்னேறாவிட்டால் பந்து மற்றப் பக்கத்துக்கு. நீங்கள் தொடங்கிய இடத்தில் நட்ட, தூரம் அளக்கும் சங்கிலியின் பின்கம்பு என் கையில். நீ எறியக் கையை ஓங்கியதும் என்னை அறியாமல் சிலுவை அடையாளம் போட்டேன், அதை வலக்கையால்தானே போட வேண்டும், கம்பை விட்டுவிட்டேன். விழுந்ததை அவசரத்தில் தூக்கி நட்டபோது ஓரடி பின்னுக்குப் போய்விட்டது, முதல் நின்ற இடத்தில் புல் அமுங்கிக் கிடந்ததை என் கண்ணால் கண்டேன். நடுவர் சங்கிலியை இழுத்து அளந்து, பந்து இரண்டு விரல் முன்னுக்கு என்றார். கம்பு நின்ற இடத்திலேயே நின்றிருந்தால் பந்து பத்து யாரை எட்டியிராது. அடுத்த எறிதலில் கப் உங்களுடையது. உன்னைத் தோளில் தூக்கினார்கள், நான் வாய் திறக்கவில்லை. முதலில் பயம், பிறகு வெட்கம், பிறகு பழகிவிட்டது.

கப் அலமாரியில் சும்மா இருந்தவரைக்கும் என் மனச்சாட்சியும் சும்மா கிடந்தது. இப்போது அதைக் காட்டி ஒருவனை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறார்கள், அதற்கு நான் கை தூக்க மாட்டேன். அந்த வியாழக்கிழமை எழும்பி நின்று நடந்ததைச் சொல்லிவிட்டு ராஜீவுக்கு வாக்குப் போடப் போகிறேன். நேற்றுத்தான் அம்மாவிடம் சொன்னேன், பெத்த பிள்ளைக்கு ஆராவது இப்பிடிச் செய்வினமோ என்று அழுதவள் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தீர யோசித்துத்தான் எழுதுகிறேன், மறிக்கப் பார்க்காதே. நீ எறிந்த பந்தில் ஒரு பிழையும் இல்லை, பிழை முழுக்க என்னுடையது. அதை மற்றவர் வாயால் நீ கேட்கக் கூடாது என்றுதான் முந்திக்கொண்டேன்.

மாதா உங்கள் இருவரையும் கைவிடமாட்டாள். பனி கொட்ட முதல் காருக்கு டயர் மாற்று, போன வருடம் போல இழுத்தடிக்காதே. கோபத்தில் என் போனை எடுக்காமல் விட்டாலும் விடு, ஞாயிறுதோறும் நான் அழைத்துக்கொண்டுதான் இருப்பேன்.

உன் அப்பா,
யாக்கோப்பு