ஹீட்டரும் ஒற்றையடிப் பாதையும்

ஜனவரி 9
பாப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்றாம் நாள். குறைமாதத்தில் பிறந்தவள். இரண்டு கிலோகூட இல்லை. அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் இந்த மாதம் புல் வெள்ளையாய் உறைகிறது. வரிசை வீடுகளான லயத்தின் தகரக் கூரை எந்தக் குளிரைத் தடுக்கும்? நிரோஷன் ஹட்டனுக்குப் போய் ஹீட்டர் வாங்கி வந்தார். போட்டதும் கம்பி சிவந்து, வீடு முழுக்க வெயில் அடித்தது. நீலம் பாரித்திருந்த குட்டி விரல்கள் சிவந்தன. என் புருஷன் வெயிலையே வாங்கி வந்துவிட்டார்!

ஜனவரி 10
காலையில் பியூஸ் போனது. மாலையிலும். ஆறு வீட்டுக்கும் ஒரே வயர், ஒரே பியூஸ். பக்கத்து வீட்டு மீனம்மா அக்கா வாசலில் வந்து நின்றார். "ஒங்க ஹீட்டரு வந்ததுலருந்துதான் இந்தக் கூத்து. தண்ணி சுடவைக்கக் கேத்தல் போட முடியல."

ஜனவரி 11
நிரோஷனுக்குத் தொழிற்சாலையில் தேயிலைத் தூள் மூட்டை கட்டும் வேலை. மூட்டைக்குள் இருக்கும் வெள்ளித்தாளைக் கொஞ்சம் கொண்டுவந்து, முறுக்கி, பியூஸில் கம்பிக்குப் பதிலாகச் செருகினார். "இனி எப்புடிப் போகுதுன்னு பாப்போம்!" லயமே மெச்சியது. நானும்தான்.

ஜனவரி 13
பாப்பாவின் தலைமாட்டில் சுவரோடு போகும் வயரில் கை பட்டது. சுட்டது. ஹீட்டரை உடனே அணைத்தேன். ஹீட்டர் சுடலாம் — வயர் ஏன் சுட வேண்டும்?

ஜனவரி 14
பொங்கல். மனசு அதில் இல்லை.

ஜனவரி 15
டவுனில் அசீசா அக்காவின் மின்சாமான் கடைக்குப் போனேன். "வாட்டை வோல்ட்டால பிரிங்க தங்கச்சி. வாறதுதான் அம்பியர்" என்றார். ஹீட்டர் 2000 வாட். 230 வோல்ட்டால் பிரித்தால் 8.7 அம்பியர். மீனம்மா அக்காவின் கேத்தல் 1500, அது 6.5. இரண்டும் சேர்ந்தால் பதினைந்துக்கு மேல். எங்கள் பியூஸும் வயரும் பத்து அம்பியருக்குத்தான்.

நாங்கள் கொழுந்து பறிக்கும் மலையை வைத்து யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொருத்தி முதுகிலும் ஒரே அளவு சுமை: அது வோல்ட். பாதையில் ஒரு நொடிக்கு எத்தனை பேர் போகிறார்கள்: அது அம்பியர். கொழுந்து நிறுக்கும் இடத்தில் நொடிக்கு நொடி எவ்வளவு சேருகிறது: அது வாட். சுமை எல்லா வீட்டிலும் இருநூற்று முப்பதுதான். அதிகம் வேண்டுமென்றால் ஆளைத்தான் கூட்ட வேண்டும். வயர் என்ற ஒற்றையடிப் பாதையில் அத்தனை பேர் நெருக்கினால் பாதை சுடாமல் என்ன செய்யும்?

பெருக்கினால் ஒன்று, பிரித்தால் இன்னொன்று, பிசகவே இல்லை. கண்ணுக்கே தெரியாத ஒன்று இப்படிக் கணக்குத் தப்பாமல் நடக்கிறதே! உடம்பு சிலிர்த்தது. பியூஸ் தான் எரிந்து எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. நாங்கள் அதன் வாயை வெள்ளித்தாளால் அடைத்துவிட்டோம்.

ஜனவரி 16
மெயினை அணைத்து வெள்ளித்தாளைப் பிடுங்கினேன். சரியான கம்பியைப் போட்டாயிற்று. ஹீட்டர் வேண்டாம் என்றேன். நிரோஷன் கத்தினார். "புள்ள வெறச்சிப் போயிருமே, என்னா செய்யச் சொல்ற?"
கணக்குத் தெரிந்து நான் என்ன செய்ய — கணக்கு பிள்ளைக்குச் சூடு கொடுக்குமா?

ஜனவரி 17
மிட்வைஃப் மிஸ் பாப்பாவைப் பார்க்க வந்தார். பாப்பாவின் சட்டையைக் கழற்றி, தலைக்குத் தொப்பி மாட்டி, என் வெறும் மார்போடு ஒட்டவைத்து மேலே கம்பளியைப் போர்த்தினார். "இப்படியே வச்சிருங்க."
"இந்தச் சூடு போதுமா மிஸ்?"
"சும்மா இருக்கிற ஒடம்பே நூறு வாட் பல்பு அளவுக்குச் சூடு குடுக்கும்."
நூறு வாட்! நானா? இத்தனை வருஷம் இந்த உடம்புக்குக் கொழுந்து எடுக்க மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தக் குட்டிக் கால்கள் என் வயிற்றில் சூடாகின. அழுதுவிட்டேன்.

ஜனவரி 30
கிளினிக்கில் பாப்பாவை நிறுத்துப் பார்த்தார்கள். இரண்டு கிலோ முந்நூறு. வீட்டுக்கு வந்ததும் நிரோஷன் கை கழுவி, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "இப்ப என் முறை" என்று கையை நீட்டினார். பாப்பா கம்பளிக்குள் அவர் நெஞ்சில் தூங்குகிறாள். வெளியே பனி கொட்டுகிறது. அவருக்கு வேர்த்து ஊற்றுகிறது. அசையமாட்டேன் என்கிறார்.