சாலினியின் வீட்டுக்கு நான் போட்ட கூரை

புரட்டாதி, வெள்ளிக்கிழமை.

இன்று சித்திரப் போட்டிப் பரிசளிப்பு. என் மாணவி சாலினிக்கு முதலாமிடம். மயிலிட்டியில் இருக்கும் தன் வீட்டைக் கூரையில்லாமல் வரைந்து, வீட்டுக்குள்ளே ஒரு வேம்பையும் நிறுத்தியிருந்தாள். படத்தை அனுப்பும் நாளில் அவள் பள்ளிக்கு வரவில்லை. முடிக்காத படம், மரமும் இடம் தவறி நிற்கிறது என்று எண்ணி, வேம்பின்மேல் வண்ணம் பூசி மறைத்துச் சிவப்பு ஓடு போட்டேன். எல்லா ஆசிரியர்களும் செய்கிற திருத்தம்தானே என்றிருந்தேன். ‘கண்ணாலை கண்டதை அப்பிடியே கீறுங்கோ’ என்று சித்திர வகுப்பில் கத்துகிறவளும் நானேதான்.

அவளுடைய தாய் படத்தின் முன் நெடுநேரம் நின்றார்.

“எங்கடை வேம்பு எங்கை, பிள்ளை?”

“ரீச்சர் வெட்டிப்போட்டா, அம்மா.”

நான் ஏதோ சொல்லி மழுப்பினேன்.

“பரவாயில்லை ரீச்சர். கனகாலம் ஆமி பிடிச்சு வைச்சிருந்த காணி திரும்பக் கிடைச்சு நாங்கள் போய்ப் பாக்கேக்கை வீட்டுக்குள்ளை அந்த வேம்புதான் நிண்டது. இப்பவும் அதுக்குக் கீழைதான் சமைக்கிறம். இதை இவளின்ரை அப்பாவுக்குக் காட்டோணும், கூரை போட்டால் எப்பிடி இருக்குமெண்டு.”

பஸ் வரைக்கும் படத்தை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். சாலினி அதைத் தொடவேயில்லை.