எத்தனை சொட்டு

ஆவணி 9, புதன். சேலம்.

இன்று வெண்ணந்தூர்ப் பெரியவர் ஒருவருக்குக் குடலிறக்க அறுவை. மயக்கம் கொடுத்தவன் நான். போன மாதம் இதே வயதுக்காரர் ஒருவருக்குக் குளோரோபாரத்தை நிறையவே கொடுத்திருந்தேன். கண் விழித்தபின் நான்கு நாள் அவருக்குத் தம் மனைவியையே அடையாளம் தெரியவில்லை. அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

அதனால் இன்று முகத்துணியில் விடும் குளோரோபாரச் சொட்டுகளைக் குறைத்தேன். நடுவில் பெரியவரின் கால் அசைந்தது.

"இன்னும் ஊற்றுமய்யா!" என்று அறுவை செய்துகொண்டிருந்த பெரிய டாக்டர் சீறினார்.

நான்கு சொட்டு மட்டும் விட்டு, நாடியைப் பிடித்தபடி நின்றேன். கால் அடங்கியது. தையலும் முடிந்தது.

மாலையில் வார்டுக்குப் போனபோது பெரியவர் விழித்திருந்தார். பக்கத்தில் நின்ற மனைவியிடம், "ஏம்புள்ள, எருமைக்குத் தண்ணி காட்டுனதாரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"வவுத்தைக் கிழிச்சுத் தெச்சுக் கெடக்கறப்ப இவரு நெனப்பைப் பாருங்க சாமி!" என்று அந்த அம்மாள் என்னிடம் சொல்லிச் சிரித்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

இவர் இவ்வளவு தெளிவாக விழித்ததற்குச் சொட்டைக் குறைத்ததுதான் காரணமா, பெரியவரின் உடல்வாகா, எனக்குத் தெரியவில்லை. பெரிய டாக்டர் நாளைய அறுவைக்கும் என்னையே வரச் சொல்லியிருக்கிறார். அந்த நோயாளிக்கு எழுபது வயதாம். அவருக்கு எத்தனை சொட்டு என்பதை மேசையருகே நின்று பார்த்துக்கொள்கிறேன். இப்போது விளக்கை அணைக்கலாம்.